பழைய ராணுவ ரைஃபிள் வாங்கும்போது எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும்?

கேள்வி கேட்டவர் அநேகமாக ஏதோ ஒரு ரைஃபிளைப் பார்த்து மனதைப் பறிகொடுத்துவிட்டு, அப்புறம்தான் இங்கே வந்திருக்கிறார் என்று நினைக்கிறேன். முன்பணம் கொடுத்துவிடவில்லையே? அப்படியானால் மேலே படியுங்கள். உரிமம், சட்டம் எல்லாம் நாட்டுக்கு நாடு மாறும். அதை முடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

நான் துப்பாக்கி பழுது பார்ப்பவன் இல்லை. ஒருமுறை நன்றாக ஏமாந்தவன், அந்தத் தகுதியில்தான் எழுதுகிறேன்.

நான் வாங்கியது இரண்டாம் உலகப் போர்க் காலத்து லீ-என்ஃபீல்ட், 4-ம் எண் மாடல், 303 தோட்டா போடுவது. அதன் மரக்கட்டைப் பகுதி தேன் நிறத்தில் மினுங்கியது. தோட்டாவை உள்ளே தள்ளிக் குழலின் பின்பக்கத்தை அடைக்கும் தண்டுக்குப் போல்ட் என்று பெயர். விற்றவர் அந்தப் போல்ட் கைப்பிடியின் பின்னால் இருந்த எண்ணையும் ரைஃபிளின் உடலில் இருந்த எண்ணையும் காட்டி, "பாருங்க சார், ரெண்டும் ஒண்ணு" என்றார். ஒன்றுதான். அதற்கு மேல் என்ன பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

முதல் நாள் சுட்டுவிட்டு, சுட்ட தோட்டாக்களின் வெற்றுக் கூடுகளைப் பொறுக்கும்போது, ஒவ்வொன்றிலும் அடிப்பகுதிக்குச் சற்று மேலே ஒரு பளபளப்பான வளையம் தெரிந்தது. பக்கத்தில் சுட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் அதை வாங்கிப் பார்த்தார். ஒரு காகிதக் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை மட்டும் வளைத்து, கூட்டுக்குள் விட்டு இழுத்தார். "நீங்களே பண்ணிப் பாருங்க" என்று என்னிடம் கொடுத்தார். கம்பியின் நுனி உள்ளே ஒரு பள்ளத்தில் மாட்டி மாட்டி வந்தது. கூடு அந்த இடத்தில் இழுபட்டு மெலிந்திருக்கிறது, இன்னும் கொஞ்சம் இழுபட்டால் இரண்டாக அறுந்து, சூடான வாயு என் முகத்தை நோக்கி வரும் என்றார். அன்றைக்கு அதற்கு மேல் ஒரு குண்டு கூட நான் சுடவில்லை.

காரணம் ஹெட்ஸ்பேஸ். போல்ட்டின் முகத்துக்கும் குழலின் பின்முனைக்கும் நடுவே தோட்டாவின் விளிம்பு உட்காரும் இடைவெளி. இந்த ரைஃபிளுக்கு 0.064 அங்குலத்திலிருந்து ராணுவக் கணக்கில் 0.074 வரை இருக்கலாம். தோட்டாவுக்குப் பதிலாக 0.074 அளவுகோலை, அதாவது அந்த அளவுக்குச் செய்த உலோகத் துண்டைப் போட்டால் போல்ட் மூடவே கூடாது. என்னுடையது வெண்ணெயில் கத்தி இறங்குவது போல மூடியது. வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். உடலில் அடித்த எண்ணில் இருந்த 7 ஓரமெல்லாம் மழுங்கிக் கிடந்தது. போல்ட்டில் இருந்த 7 நேற்று அடித்தது போல இருந்தது, அடியில் அரம் போட்ட கோடுகள் வேறு. வேறொரு ரைஃபிளின் போல்ட்டில் பழைய எண்ணைத் தேய்த்துவிட்டுப் புதிதாக அடித்திருக்கிறார்கள்.

உடனே சிலர் சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும். எண் மாறியிருந்தாலே மோசடி என்று நான் சொல்லவில்லை. போருக்குப் பிறகு சோவியத் ஆயுதக் கிடங்குகளில் புதுப்பித்த மோசின்-நாகான் என்ற ரஷ்ய ரைஃபிள்களில் அங்கேயே எண்ணை மாற்றி அடித்தார்கள், அது அவற்றின் வரலாறு. எண்ணைப் பார்த்ததோடு நிறுத்தாமல் அளவுகோல் போட்டுப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன். 4-ம் எண் மாடலில் போல்ட் தலையை மட்டும் கழற்றி மாற்றலாம், 0 முதல் 3 வரை எண் போட்டு வரும், எண் கூடக்கூட நீளமும் கொஞ்சம் கூடும், அந்த அளவுக்கு இடைவெளி குறையும். எனக்கு 3 தான் பொருந்தியது. அது கிடைப்பது குதிரைக்கொம்பு, எட்டு மாதம் அலைந்தேன்.

அடுத்தது குழல். குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையில் தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு, போல்ட்டைக் கழற்றி, ஒரு துணியை விட்டு எண்ணெயைத் துடைத்த பிறகு வெளிச்சத்தில் பாருங்கள். துடைக்காமல் பார்த்தால் எல்லாக் குழலும் கண்ணாடிதான். பழைய ராணுவத் தோட்டாக்களின் பிரைமர், அதாவது அடியில் இருந்து மருந்தைப் பற்ற வைக்கும் சின்னத் திரி, எரிந்ததும் உப்பு தங்கும், அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துத் துருப்பிடிக்க வைக்கும். எண்ணெயில் அந்த உப்பு கரையாது, தண்ணீரில்தான் கரையும். இது தெரியாமல் எண்ணெய் மட்டும் போட்டு வைத்த குழல்கள் குழி குழியாக இருக்கும். கருத்திருந்தாலும், குண்டைச் சுழல வைக்கக் குழலுக்குள் வெட்டியிருக்கும் வரிகள் ஆழமாக இருந்தால் பரவாயில்லை, நன்றாகவே சுடும். குண்டு வெளியேறும் வாய்ப்பக்கம் தேய்ந்திருந்தால்தான் தொல்லை. சுத்தம் செய்யும் கம்பியை வாய்ப்பக்கமாகவே விட்டு விட்டு உரசித் தேய்ந்திருக்கும்.

கம்பி என்றதும் ஞாபகம் வருகிறது. என் மைத்துனர் என்னுடைய கம்பியை "ஒரு வாரம்தான் மாமா" என்று வாங்கிப் போய் மூன்று வருடம் ஆகிறது. கேட்டால், குடும்பத்துக்குள் கணக்குப் பார்க்கிறேன் என்று வீட்டில் எனக்குத்தான் கெட்ட பெயர். பொருளைக் கொடுத்தவன் கஞ்சன், திருப்பித் தராதவர் நல்லவர்! சரி, விடுங்கள்.

லீ-என்ஃபீல்டில் டி.பி. என்ற ஆங்கில எழுத்துகள் அடித்திருந்தால் அது கவாத்துப் பயிற்சிக்கு ஒதுக்கியது, சுடுவதற்கு வாங்காதீர்கள். அமெரிக்க 1903 ஸ்பிரிங்ஃபீல்ட் என்றால், ஸ்பிரிங்ஃபீல்ட் ஆலையில் செய்ததில் 8,00,000-க்கும், ராக் ஐலண்ட் ஆலையில் செய்ததில் 2,85,507-க்கும் கீழே எண் இருந்தால் சுவரில் மாட்டி வையுங்கள். உலையில் சூடாக்கிய பக்குவம் சரியில்லாமல் சில உடைந்திருக்கின்றன.

கட்டையைக் கடைசியாகப் பாருங்கள். எண்ணெய்க் கறையும் கீறலும் இருந்தால் நல்லது. விரிசல் மட்டும் இருக்கக் கூடாது, முக்கியமாகக் கை பிடிக்கும் கழுத்துப் பகுதியில். என் ரைஃபிளின் தேன் நிறத்தைச் சுரண்டிப் பார்த்தேன், வெறும் வார்னிஷ். பளபளப்பு வரவேண்டும் என்று உப்புத்தாள் போட்டு இழைத்ததில் கட்டையில் இருந்த ராணுவ முத்திரைகள் எல்லாம் போய், ஒரே ஒரு வட்டத்தின் பாதி மட்டும் மிச்சம் இருக்கிறது.