சொந்தம் சொல்லி ஏமாற்றும் சொல்

கேள்வி: பழைய ஆங்கில நாடகங்களில் வரும் ‘கஸனேஜ்’ என்ற சொல்லுக்கு என்ன பொருள்? அது எங்கிருந்து வந்தது?

ஏமாற்று, பித்தலாட்டம் என்பதுதான் பொருள். வினையாக வந்தால் ‘கஸன்’. சொல்லிப் பாருங்கள், நாம் தினமும் சொல்லும் ‘கசின்’ போலவே ஒலிக்கும்.

1611-இல் வந்த காட்கிரேவின் பிரெஞ்சு - ஆங்கில அகராதியில் ‘கூசினே’ என்றொரு பிரெஞ்சு வினை இருக்கிறது. ஆதாயத்துக்காக உறவு கொண்டாடுவது என்று அதற்குப் பொருள். பயணச் செலவை மிச்சம் பிடிக்க, போகிற வீட்டுக்கெல்லாம் ‘நான் உங்கள் கசின்’ என்று சொல்லித் தங்குகிற ஆளையும் உதாரணம் காட்டுகிறார். ‘கஸன்’ இதிலிருந்து பிறந்தது என்பது ஒரு கட்சி. இத்தாலியில் குதிரைத் தரகரைக் குறிக்கும் ‘கொட்ஸோனே’யிலிருந்து வந்தது என்பது இன்னொரு கட்சி. அகராதிகள் இரண்டையுமே சொல்கின்றன.

என் மனம் முதல் கட்சியின் பக்கம்தான். ஆங்கில எழுத்தாளர் ராபர்ட் கிரீன் 1591-இல் லண்டன் மோசடிக்காரர்களைப் பற்றி ஒரு சிறுநூல் எழுதினார். தலைப்பிலேயே ‘கஸனேஜ்’ உண்டு. கிராமத்திலிருந்து வந்தவரிடம் ஒருவன் பேச்சுக் கொடுத்து, பெயர், ஊர், அக்கம்பக்கத்துப் பெரிய மனிதர்கள் யார் யார் என்று கறந்துகொண்டு நழுவிவிடுவான். கொஞ்ச தூரத்தில் அவன் கூட்டாளி எதிரே வந்து அவரைப் பெயர் சொல்லியே கூப்பிடுவான். “ஊரில் நம்ம ஆட்களெல்லாம் சௌக்கியமா? உங்கள் பக்கத்துப் பெரியவருக்கு நான் உறவு.” அப்புறம் மதுக்கடை, சீட்டாட்டம். பணப்பை காலியாகிவிடும். ஏமாறுகிறவருக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் ‘முயல்’.

ஷேக்ஸ்பியரின் ‘மூன்றாம் ரிச்சர்ட்’ நாடகத்தில் ஓர் இடம் வருகிறது. கொலையுண்ட இளவரசர்களை ரிச்சர்ட் ‘என் கசின்கள்’ என்கிறான் (அந்தக் காலத்தில் அண்ணன் பிள்ளைகளையும் அப்படிச் சொல்வார்கள்). அந்த இளவரசர்களைப் பெற்ற தாய் பதில் சொல்கிறாள்: கசின்கள்தான், சித்தப்பனாலேயே ‘கஸன்’ செய்யப்பட்டு ராஜ்யத்தையும் உறவையும் உயிரையும் பறிகொடுத்தவர்கள். மேடையில் இரண்டு சொல்லும் ஒரே ஒலியில் விழும். முதன்முதலில் படித்தபோது அந்த வரியைத் தாண்டிப் போக முடியாமல் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

இதைத் தமிழாக்கும்போது ‘ஏமாற்றப்பட்டு’ என்று போட்டால் அந்தச் சித்தப்பன் காணாமல் போய்விடுகிறான். நானாக இருந்தால் ‘உறவாடிக் கெடுத்தான்’ என்றுதான் எழுதுவேன்.