முதலிடம் கேரண்டி என்று சொல்லிப் பணம் வாங்கியவர்கள்

சகோ, வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் உள்ள உங்கள் துணிக்கடைக்குக் 'கூகுளில் முதலிடம் கேரண்டி' என்று பணம் வாங்கியவர்கள், கண்ட தளங்களிலும் லிங்க் வாங்கிப் போட்டதில் இப்போது கடையின் தளம் தேடலிலேயே வரவில்லை, எஸ்.இ.ஓ. (தேடலில் தளத்தை மேலே கொண்டுவரும் வேலை) என்றாலே மோசடியா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மோசடி இல்லை. ஆனால் அந்தக் கெட்ட பெயர் சும்மா வரவில்லை. முதலிடத்துக்கு யாரும் உறுதி தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. அது தெரிந்தும் கேரண்டி விற்பவர்களால், தளத்தின் வேகத்தையும் எழுத்தையும் ஒழுங்காகச் சரிசெய்து பிழைப்பவர்களையும் மக்கள் சந்தேகப்படுகிறார்கள். எனக்கு இதில் உண்மையிலேயே கோபம் உண்டு.

கூகுள் தேடலில் தளத்தின் நிலையைக் காட்டும் சர்ச் கன்சோல் கணக்கும், தளத்தின் முகவரியான டொமைனும் உங்கள் பெயரில் இருக்கின்றனவா? இல்லையென்றால் முதலில் அதைக் கேட்டு வாங்குங்கள். அப்புறம் கன்சோலில் 'மேனுவல் ஆக்‌ஷன்ஸ்' பகுதியை, அதாவது கூகுள் ஊழியர்கள் தளத்துக்குத் தண்டனை விதித்திருந்தால் தெரியும் இடத்தை, திறந்து பாருங்கள். செயற்கை லிங்க் என்று அறிவிப்பு இருந்தால், காசு கொடுத்துப் போட்ட லிங்க்குகளின் முழுப் பட்டியலை அவர்களிடம் எழுத்தில் கேளுங்கள். முடிந்தவற்றை எடுக்க வைத்து, மீதியை டிஸ்அவவ் செய்து (அவற்றைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று கூகுளிடம் சொல்லி), நடந்ததை மறைக்காமல் மறுபரிசீலனை கேட்டுக் கூகுளுக்கு எழுதுங்கள். 2006-இல் பி.எம்.டபிள்யூவின் ஜெர்மன் தளத்தையே, தேடலை ஏமாற்றும் பக்கங்கள் வைத்ததற்காகக் கூகுள் நீக்கியது. திருத்திய பிறகு திரும்பச் சேர்த்தது. அதனால் நம்பிக்கை இழக்க வேண்டாம்.

அறிவிப்பே இல்லையென்றால் டிஸ்அவவ் பக்கம் போகாதீர்கள், காரணம் வேறாக இருக்கலாம். பில், வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். பட்டியல் கைக்கு வரும்வரை இந்த மாதப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.