வாசகர் கேள்வி – பதில்: பனிக்காலமும் வீட்டுப் புறத்தளமும்

கேள்வி: வீட்டின் பின்புறம் கோடையில் டெக் எனப்படும் மரத்தளம் கட்டினோம். தூண்களுக்கு இரண்டடி ஆழம் தோண்டிக் கான்கிரீட் இட்டோம். முதல் குளிர்காலத்திலேயே வெளி மூலை ஓரங்குலம் மேலெழும்பி, கைப்பிடிக் கிராதி கோணிவிட்டது. கான்கிரீட்டின் எடையைக் கூட்டினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. உங்கள் தூணைத் தூக்கியது மண்ணில் இருந்த நீர். உறையும்போது நீரின் பருமன் சுமார் 9 சதவீதம் கூடுகிறது என்பது உண்மையே. ஆயினும் ஓரங்குல எழுச்சிக்கு அது மட்டும் போதாது. விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதைப் போல, உறைந்த மண் தனக்குக் கீழேயுள்ள ஈரத்தை மேலே இழுத்துக்கொண்டே இருக்கிறது. அந்த ஈரம் படலம் படலமாகப் பனிக்கட்டியாகத் திரண்டு, மேலிருப்பதையெல்லாம் தூக்குகிறது. நுண்ணிய வண்டல் மண்ணில் இது மிகுதி, சரளையில் மிகக் குறைவு. கட்டடத்தையே அசைக்கக்கூடிய அந்த விசைக்கு முன்னால் தூணின் எடை ஒரு பொருட்டே அல்ல.

ஆகவே கடைக்காலின் அடிப்பகுதி, குளிர்காலத்தில் மண் உறையும் ஆழத்துக்கும் கீழே இருக்க வேண்டும். அந்த ஆழம் ஊருக்கு ஊர் மாறும்; கடுங்குளிர்ப் பகுதிகளில் நான்கு அடியையும் தாண்டும் என்பதால், கட்டட அனுமதி தரும் அலுவலகத்தில் கேட்டறிந்த பிறகே மண்வெட்டியை எடுக்க வேண்டும்.

ஆழம் சரியாக இருந்தும் தூண் எழும்புவது உண்டு. எழும்பிய தூணைச் சுற்றி ஒரு முழம் தோண்டிப் பாருங்கள். அச்சுக் குழாய் வைக்காமல் குழிக்குள் நேரடியாகக் கான்கிரீட்டைக் கொட்டியிருந்தால், அதன் தலை காளான் குடையைப் போல விரிந்திருக்கும். உறைந்த மண் அந்தக் குடையின் அடியைப் பிடித்து நெம்பிவிடும். தோண்டுபவருக்குக் கை ஓயும்போது குழி கீழே குறுகிப்போவது இயல்புதான், ஆனால் வேண்டியது அதற்கு நேர்மாறான வடிவம்: மேலே வழவழப்பான நேர் உருளை, அடியில் மணியைப் போன்ற விரிவு.

இப்போதே தூணை அறுத்து மட்டம் செய்துவிடாதீர்கள். மண் முழுவதும் இளகிய பிறகு ரசமட்டம் வைத்துப் பார்த்தால், எழும்பியதில் ஒரு பகுதி தானாகவே இறங்கியிருக்கக்கூடும். அதைவிட முக்கியமானது, வீட்டுச் சுவரோடு தளத்தை இணைக்கும் தாங்கு பலகை. வீட்டின் கடைக்கால் அசையாதிருக்க வெளித்தூண் மட்டும் ஏறி இறங்குவதால், அந்த இணைப்பு ஒவ்வோர் ஆண்டும் முறுக்கப்படுகிறது. அது வெறும் ஆணியால் அறையப்பட்டிருந்தால், போல்ட் போட்டு இறுக்கும் வரை யாரையும் தளத்தில் ஏறவிடாதீர்கள். தளங்கள் சரிந்து விழுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

கேள்வி: மரத்தளமா, கல் பாவிய முற்றமா? குளிருக்கு எது தாங்கும்?

பதில்: தரை மட்டமாக இருக்குமானால் நான் கல்லையே தேர்வேன். ஒரே பலகையாக வார்த்த கான்கிரீட் தளம் உறைபனியில் வெடித்தால் ஒட்டுப்போடத்தான் முடியும். தனித்தனிக் கல் எழும்பினால், பெயர்த்துச் சமன்செய்து மீண்டும் பதித்துவிடலாம். கல்லுக்கு அடியில் இருப்பதுதான் வேலையின் பெரும்பகுதி. வளமான மேல்மண்ணை அகற்றி, உடைத்த ஜல்லியைச் சிறு சிறு அடுக்குகளாகப் பரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியே திமிசு போட்டு இறுக்க வேண்டும். மொத்தமாகக் கொட்டி மேலே மட்டும் இடித்தால் அடிப்பகுதி தளர்ந்தே கிடக்கும். வீட்டிலிருந்து விலகும் திசையில் 50 அடிக்கு ஓரடி வாட்டம் கொடுத்தால் நீர் தேங்காது. தரையிலிருந்து உயரமான வாசலுக்கும் சரிவான நிலத்துக்கும் மரத்தளமே பொருந்தும்.

கேள்வி: புதிய கான்கிரீட் படியில் உறைந்த பனியைக் கரைக்க உப்புத் தூவலாமா?

பதில்: முதல் குளிர்காலத்தில் வேண்டவே வேண்டாம். உப்பு பனியைக் கரைத்து நீராக்க, அந்த நீர் கான்கிரீட்டின் துளைகளில் இறங்கி மறுபடியும் உறைய, மேற்பரப்பு செதில் செதிலாக உரிந்துவிடும். வழுக்காதிருக்க மணல் போதும். மரத்தளத்தில் பனியை அள்ளும்போது பிளாஸ்டிக் வாரியால் பலகையின் நீளவாக்கில் தள்ளுங்கள். குறுக்கே தள்ளினால் ஒவ்வொரு பலகை விளிம்பிலும் அது இடறி மரத்தைச் சிராய்க்கும்.