கடன் வாங்கி ஆறு மாதச் சரக்கு வேண்டாம்

வீட்டில் நான்கு பேர், விலை வாராவாரம் ஏறுகிறது, அரிசியும் பருப்பும் கிடைக்காமல் போகும் என்கிறார்கள், கடன் அட்டையில் ஆறு மாதத்துக்கு வாங்கிப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டாம். அட்டையில் நிலுவை வைத்தால், விலையேற்றத்தில் மிச்சம் பிடித்ததை வட்டி தின்றுவிடும். மிஞ்சியதை வண்டு தின்னும். நானும் ஒருமுறை பயந்துபோய் மூட்டையாக வாங்கினேன். மூன்றாம் மாதம் டிரம்மைத் திறந்தால் அரிசி முழுக்கக் கருவண்டு, கையை விட்டால் விரலெல்லாம் மாவு.

வழக்கமாக வாங்குவதோடு ஒவ்வொரு முறையும் ஒரு பொருளை மட்டும் கூடுதலாக வாங்குங்கள். ஒரு மாதக் கையிருப்பு சேர்ந்ததும் நிறுத்திவிடுங்கள். பழையதை முன்னால் வைத்து முதலில் எடுங்கள். தானியத்தை நான்கு நாள் உறைபெட்டியில் வைத்தால் வண்டின் முட்டையும் சாகும். ஆனால் வெளியே எடுத்து, குளிர் விட்டு ஈரம் காய்ந்த பிறகே டப்பாவில் அடைக்க வேண்டும். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் தீட்டாத அரிசியில் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். அதைக் குறைவாகவே வாங்குங்கள். வருடக்கணக்கில் கிடந்த பருப்பு எளிதில் கெடாது, வேகத்தான் மறுக்கும், எரிபொருள் செலவு உங்கள் தலையில்.

பொட்டலத்தில் விலையை மட்டும் பார்க்காதீர்கள், எடையையும் பாருங்கள். விலையைத் தொடாமல் எடையைக் குறைப்பது பழைய தந்திரம்.

வதந்தியைப் பற்றி ஒன்று: 2008இல் உலகச் சந்தையில் அரிசி விலை சில மாதங்களில் ஏறத்தாழ மூன்று மடங்கானது. விளைச்சல் பொய்க்கவில்லை, ஏற்றுமதித் தடைகளும் பதற்றக் கொள்முதலும்தான் அதைத் தூக்கிவிட்டன.

மாத வருமானத்தில் மளிகைக்கு எவ்வளவு போகிறது என்று எழுதுங்கள், எதைக் குறைக்கலாம் என்று பார்க்கலாம்.