வாசகர் கேள்வி பதில்: வடதுருவ ஆராய்ச்சிக்கு எதற்கு வரிப்பணம்?

போன இதழில் வடதுருவப் பனி உருகுவதைப் பற்றி ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தேன். அதற்கு இவ்வளவு கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. எங்கள் வீடுகளில் பாதிப்பேருக்குக் கனடாவில் யாராவது இருக்கிறார்கள் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். இந்த முறை பக்கம் முழுவதும் அந்தக் கேள்விகளுக்கே.

கேள்வி: என் மகன் ஸ்காபரோவில் இரண்டு வேலை செய்கிறான். அவன் கட்டுகிற வரியில் ஒரு பகுதி, மனிதர்களே இல்லாத பனிப் பிரதேசத்தில் ஆராய்ச்சி செய்யப் போகிறதாம். ஆஸ்பத்திரியில் மணிக்கணக்கில் காத்திருக்கிற நாட்டில் இது அநியாயம் இல்லையா ஐயா?
(வாசகி, கொக்குவில்)

அம்மா, மகனின் கவலை நியாயமானது. வரி கட்டுகிறவனுக்குக் கேள்வி கேட்கும் உரிமை இருக்கிறது. ஆனால் மனிதர்களே இல்லாத இடம் என்று சொன்னது சரியில்லை. கனடாவின் வடக்கே நுனவுட் என்ற பிரதேசத்தில் மட்டும் ஏறத்தாழ 40,000 பேர் வாழ்கிறார்கள், அவர்களில் மிகப் பெரும்பாலானோர் இனுவிட் மக்கள். கடலில் வேட்டையாடி, மீன்பிடித்து, தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருப்பவர்கள்.

அங்கே செலவழித்த பணத்தால் என்ன கிடைத்தது என்பதற்கு ஒரு கதை சொல்கிறேன். 1980-களில் கியூபெக் ஆராய்ச்சியாளர்கள் சிலர் தாய்ப்பாலில் இரசாயன நஞ்சு எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்த்தார்கள். தொழிற்சாலையே இல்லாத வடக்கில் பால் சுத்தமாக இருக்கும், அதோடு நகரத்துத் தாய்மாரின் பாலை ஒப்பிடலாம் என்று நினைத்துத்தான் கியூபெக்கின் வடபகுதியான நுனாவிக்கில் இனுவிட் தாய்மாரிடம் மாதிரி எடுத்தார்கள். வந்த முடிவு நேரெதிர். தெற்கில் இருந்த தாய்மாரை விட ஏறக்குறைய ஐந்து மடங்கு பிசிபி என்ற இரசாயனம் அவர்களுடைய பாலில் இருந்தது. மின்மாற்றி எண்ணெயில் பயன்படுத்திய பிசிபி, வயலுக்கும் நுளம்புக்கும் அடித்த டிடிரி எல்லாம் சூடான நாடுகளில் ஆவியாகி, காற்றோடும் கடலோடும் வடக்கே போய், குளிரில் படிந்து, மீனுக்குள்ளும் கடல்நாய்க்குள்ளும் திமிங்கிலக் கொழுப்புக்குள்ளும் சேர்ந்து, கடைசியில் அவற்றை உண்கிற தாயிடம் வந்து நிற்கிறது. நாங்களும் ஒரு காலத்தில் மலேரியாவுக்கு வீடு வீடாக டிடிரி அடித்தவர்கள்தான். அந்தத் தாய் அதைத் தொட்டதுகூட இல்லை.

இதைக் கண்டபிறகு கனடா அரசாங்கம் 1991-இல் வடபகுதி மாசுகளுக்கென்றே ஒரு ஆராய்ச்சித் திட்டத்தைத் தொடங்கியது. இனுவிட் அமைப்புகளும் அதில் சேர்ந்து வேலை செய்தன. அந்த அளவீடுகளைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஷீலா வாட்-க்ளூட்டியே என்ற இனுவிட் தலைவி இந்த நஞ்சுகளைத் தடுப்பதற்கான சர்வதேசப் பேச்சுவார்த்தைகளில் பேசினார். தாயும் சேயுமாகச் செதுக்கிய ஒரு சிற்பத்தை அவர் அங்கே பரிசாகக் கொடுத்தார், பேச்சுவார்த்தை நடந்தபோது அது மேசையில் இருந்தது. 2001-இல் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கை கைச்சாத்தானது, முதல் கட்டமாக 12 இரசாயனங்களுக்குத் தடையோ கட்டுப்பாடோ வந்தது. இலங்கையும் அதில் ஒரு தரப்பு. இன்று நுனாவிக் கர்ப்பிணிகளின் இரத்தத்தில் பிசிபி அளவு 1990-களில் இருந்ததை விடப் பெரிதும் குறைந்துவிட்டது. குறைந்தது என்பதும் விடாமல் அளந்ததால்தான் தெரிகிறது.

செலவு ஏன் அதிகம் என்றால், வீதி கிடையாது. விமானமும் எரிபொருளும்தான் பெரும் பகுதியை விழுங்கும். அதற்கென்றே 1958 முதல் ஒரு அரச திட்டம் இயங்குகிறது, ஆய்வாளர்களுக்கு விமானம், தங்குமிடம், தொடர்பு வசதி எல்லாம் அதுதான் ஒழுங்கு செய்கிறது. ஆஸ்பத்திரிக் காத்திருப்பு உண்மையான பிரச்சினை, அதற்கு அரசாங்கம் பதில் சொல்லத்தான் வேண்டும். ஆனால் தாய்ப்பாலில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதும் சுகாதாரச் செலவுதான் அம்மா.

கேள்வி: மரபறிவு, மக்கள் அறிவு என்று சொல்லி அதற்கும் ஆராய்ச்சிப் பணம் கொடுக்கிறார்கள். அனுபவத்தை மதிக்கலாம், ஆனால் அதை அறிவியலோடு ஒன்றாக வைக்கலாமா?
(விஞ்ஞானபீட மாணவர், திருநெல்வேலி)

நல்ல கேள்வி தம்பி. பொதுவாக வாதாடுவதை விட, உண்மையில் நடந்த ஒன்றை வைத்துப் பார்ப்போம்.

அலாஸ்காவின் வடகரையில் இனுபியாட் மக்கள் போஹெட் என்ற பெரிய திமிங்கிலத்தை வேட்டையாடி ஊரெல்லாம் பங்கிட்டு உண்பவர்கள். 1977-இல் சர்வதேச திமிங்கில வேட்டை ஆணையம் அந்த வேட்டையைத் தடை செய்தது. மிஞ்சியிருப்பவை அதிகம் போனால் 2,000-தான், இனி வேட்டையாடினால் இனமே அழிந்துவிடும் என்பது அப்போதைய கணிப்பு. எண்ணியவர்கள் பனி விளிம்பில் நின்று, திறந்த நீர்ப்பாதையில் கண்ணுக்குத் தெரிந்தவற்றை எண்ணினார்கள். வேட்டைக்காரர்கள் சொன்னது வேறு. பனி மூடியிருக்கும்போதும் திமிங்கிலம் போகும், தலையால் பனியை முட்டி உடைத்து மூச்சு எடுக்கும், கரையிலிருந்து வெகு தூரத்திலும் போகும், நீங்கள் பார்ப்பது ஒரு பகுதிதான் என்றார்கள்.

இதில் யார் சரி என்று பேசியே தீர்த்திருக்க முடியாது. நீருக்கடியில் ஒலிவாங்கிகளை இறக்கித் திமிங்கிலங்களின் சத்தத்தைப் பதிவு செய்தார்கள். கண்ணுக்குத் தெரியாத இடத்தில், பனிக்கு அடியில், தூரக்கடலில், வேட்டைக்காரர்கள் சொன்னபடியே அவை போய்க்கொண்டிருந்தன. எண்ணும் முறையே அதன்பிறகு மாறியது, 2011 கணக்கெடுப்பில் வந்த தொகை 16,000-க்கு மேல். இடைப்பட்ட காலத்தில் அவற்றின் தொகை உண்மையாகவே பெருகியும் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் முதல் எண்ணிக்கையே பெரிய பிழை என்பது நிரூபணமாகிவிட்டது. தடை 1978-இலேயே ஒரு சிறிய ஒதுக்கீடாகத் தளர்ந்தது, பிறகு மெல்ல மெல்லக் கூடியது.

இந்த ஆராய்ச்சிக்கு யார் பணம் போட்டார்கள் என்பதுதான் எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுகிறது. பெரும்பங்கு போட்டது நோர்த் ஸ்லோப் என்ற உள்ளூராட்சி. 1972-இல் அந்த மக்களே போராடி அமைத்தது அது, தங்கள் நிலத்தில் எடுக்கும் எண்ணெய்க்கு வரி அறவிட்டு, அந்தப் பணத்தில் விஞ்ஞானிகளை வேலைக்கு எடுத்தார்கள். எதை அளப்பது என்று முடிவெடுக்கும் பலம் அவர்கள் கையில் இருந்ததால்தான், வேட்டைக்காரர் சொன்னதைச் சோதித்துப் பார்க்க ஒருவர் மெனக்கெட்டார். அந்தப் பணம் இல்லாவிட்டால் அந்த அறிவு வெறும் அபிப்பிராயம் என்று கோப்பில் ஒரு ஓரத்தில் கிடந்திருக்கும். ஆகவே இரண்டையும் ஒன்றாக வைக்கலாமா என்று நீங்கள் கேட்பதற்கு என் பதில்: ஒரே படகில் ஏற்றுங்கள், ஒரே சம்பளப் பட்டியலில் போடுங்கள், சொன்னதைச் சோதியுங்கள். விஞ்ஞானி சொன்னதையும் அதே கண்டிப்போடு சோதியுங்கள்.

கேள்வி: ஒரு இடத்தில் இரண்டு மூன்று வருடம் அளந்தால் போதாதா? ஏன் முடிவே இல்லாமல் பணம் கேட்கிறார்கள்?
(ஆசிரியர், சாவகச்சேரி)

உங்கள் வீட்டுக் கிணற்றை ஒரு ஆடி மாதம் மட்டும் அளந்தால் அது வற்றிக்கொண்டு போகிறதா, உப்பாகிக்கொண்டு வருகிறதா என்று சொல்ல முடியுமா சேர்? அதே கதைதான். எல்ஸ்மியர் தீவில் யூரேக்கா என்ற இடத்தில், 80 பாகை வட அகலக்கோட்டில், கனடாவின் வளிமண்டல ஆய்வுகூடம் ஒன்று இருக்கிறது. 2011 வசந்தத்தில் வடதுருவத்துக்கு மேலே ஓசோன் அதுவரை பதிவாகாத அளவுக்குக் குறைந்தபோது அதை அளந்த இடங்களில் அதுவும் ஒன்று. மறு வருடமே, 2012-இல், பணம் நின்றுபோனதால் வருடம் முழுவதும் இயங்குவதை நிறுத்த வேண்டி வந்தது. 2013-இல் ஐந்து வருடத்துக்குப் பணம் கிடைத்தது, அது முடியும் தறுவாயில் மறுபடியும் அதே தவிப்பு. கருவியைப் பிறகு வாங்கலாம். பயிற்சி பெற்ற ஆட்கள் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள், விட்டுப்போன மாதத்தின் அளவீட்டை எந்தப் பணத்தாலும் வாங்க முடியாது. சிறிய தொகையாக இருந்தாலும் விடாமல் வருகிற பணம்தான் இந்த வேலைக்கு வேண்டும். தேர்தலுக்குத் தேர்தல் அறிவிக்கிற பெரிய தொகையை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

கேள்வி: எங்கள் பக்கத்து நாடுகள் ஏதாவது அங்கே ஆராய்ச்சி செய்கின்றனவா?
(வாசகர், வேலணை)

இந்தியா செய்கிறது. நோர்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில் நீ-ஓலசுண்ட் என்ற இடத்தில் 2008 முதல் ஹிமாத்ரி என்ற நிலையம் இருக்கிறது, 2014-இல் பக்கத்துக் கடலுக்குள் ஒரு அளவீட்டுக் கருவித் தொகுதியையும் நிறுத்தினார்கள். வடதுருவப் பனிக்கும் பருவமழைக்கும் உள்ள தொடர்பைத் தேடுவது அவர்களின் நோக்கங்களில் ஒன்று. 1979-க்குப் பிறகு வடதுருவம் உலகச் சராசரியை விட ஏறக்குறைய நான்கு மடங்கு வேகமாகச் சூடாகியிருக்கிறது. கிறீன்லாந்துப் பனி முழுவதும் உருகினால் கடல் 7 மீற்றர் அளவுக்கு உயரும். அதற்குப் பல நூற்றாண்டுகள் ஆகும், ஆனால் வேலணைக்கும் நெடுந்தீவுக்கும் 7 மீற்றர் தேவையில்லை.

கேள்வி: நாங்கள் சிறகுவலை கட்டுகிற ஆட்கள். ஆராய்ச்சி என்று வருவார்கள், இறால் எப்போது வரும், நீரோட்டம் எப்படி என்று நாள் முழுக்கக் கேட்பார்கள், எழுதிக்கொண்டு போவார்கள். பிறகு ஒரு செய்தியும் இல்லை. அந்த நாட்டிலும் இப்படித்தானா?
(கடற்றொழிலாளர், குருநகர்)

அண்ணை, அங்கேயும் நீண்டகாலம் இப்படித்தான் இருந்தது. கோடையில் விமானத்தில் வந்து, வேட்டைக்காரர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு, தெற்கே போய்ப் பட்டம் வாங்குவார்கள். ஊருக்கு ஒரு தாள்கூடத் திரும்பி வராது. பணமெல்லாம் தெற்குப் பல்கலைக்கழகங்களுக்கே போனது. 2020-இல் யூகோன் கல்லூரி பல்கலைக்கழகமாகும் வரை கனடாவின் மூன்று வடபிரதேசங்களிலும் ஒரு பல்கலைக்கழகம்கூட இருக்கவில்லை. 1974-இல் யாழ்ப்பாண வளாகம் வராமல் போயிருந்தால் எங்கள் நிலை என்ன என்று யோசித்தால் அவர்களுடைய கோபம் விளங்கும்.

இப்போது மாறிக்கொண்டு வருகிறது, தானாக மாறவில்லை, கேட்டுக் கேட்டு மாற்றினார்கள். நுனவுட்டில் ஆராய்ச்சி செய்ய முதலில் அங்கேயே அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். 2018-இல் இனுவிட் மக்களின் தேசிய அமைப்பு ஆராய்ச்சிக்கென்று ஒரு கொள்கை ஆவணம் வெளியிட்டது. ஆராய்ச்சிப் பணம் எங்கள் தேவைக்கு ஏற்பச் செலவாக வேண்டும், எங்களைப் பற்றிய தரவு எங்கள் கையில் இருக்க வேண்டும் என்பவை அதில் முக்கியமான கோரிக்கைகள். லப்ரடோர் கரையில் நெயின் என்ற ஊரில், பல்கலைக்கழகமும் இனுவிட் பிரதேச அரசும் சேர்ந்து கடற்பனியின் தடிப்பை அளக்கும் வேலையைத் தொடங்கின. உள்ளூர் இளைஞர்கள் சம்பளத்துக்கு அதைச் செய்கிறார்கள், பனிவண்டியின் பின்னால் கருவியை இழுத்துக்கொண்டு போய், எந்த வழி பாதுகாப்பு, எந்த இடத்தில் பனி மெல்லிசு என்று ஊருக்கு வரைபடம் கொடுக்கிறார்கள். எந்த வழியில் கருவியை இழுப்பது என்று சொல்வது அந்த ஊர்ப் பெரியவர்கள்.

வாடை எப்போது ஓயும், சோழகம் எப்போது பெயரும், எந்த மாதம் எந்த வாய்க்காலால் இறால் இறங்கும் என்று உங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அந்த வேட்டைக்காரர்களின் அறிவுக்குச் சமமானது. கடலட்டைப் பண்ணை, கண்டல் நடுகை என்று குடாக்கடலில் எது வந்தாலும் கடைசியில்தான் உங்களிடம் கேட்கிறார்கள், அது எனக்குப் பெரிய மனவருத்தம். அடுத்த முறை யாராவது வந்தால் பேச்சைச் சங்கத்தில் வைத்துத் தொடங்குங்கள். யாருடைய பணம், எதற்காகக் கேட்கிறீர்கள் என்று முதலில் கேளுங்கள். ஒரு நாள் தொழிலை விட்டுவிட்டு உட்காருகிறவருக்கு அந்த நாள் கூலி வேண்டும். எழுதுவதில் ஒரு பிரதி தமிழில் சங்கத்துக்கு வர வேண்டும், அறிக்கையை அச்சடிக்கும் முன்பே வர வேண்டும், பிழை இருந்தால் திருத்தலாம் அல்லவா. முடிந்தால் உங்கள் பிள்ளைகளில் ஒருவரை அந்த வேலைக்கு எடுக்கச் சொல்லுங்கள். எழுத்தில் தர மறுக்கிறவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. கடிதம் எழுத உதவி தேவைப்பட்டால் அலுவலகத்துக்கு வாருங்கள், இருந்து எழுதுவோம்.