வசனமும் ஓரக்குறிப்பும்: சிருஷ்டி பற்றி வாசகர் கேள்விகள்

இந்த மாதக் கடிதங்களில் பாதிக்கு மேல் வேதாகமத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தைப் பற்றியவை. சிலவற்றில் கேள்வியே இல்லை, வசன எண் மட்டும் இருக்கிறது. மருந்துக் கடையில் சீட்டை நீட்டுவதுபோல எனக்கு எழுதாதீர்கள். என்ன புரியவில்லை என்று ஒரு வரியாவது எழுதுங்கள்.

சூரியன் நாலாம் நாள்தான் வருகிறது. முதல் மூன்று நாளும் சாயங்காலமும் விடியற்காலமும் எப்படி ஆயிற்று? (நாகர்கோவில்)

சுமார் 1,600 வருஷத்துக்கு முன்பே சபைப் பிதாக்களில் ஒருவரான அகஸ்தீன் இதே இடத்தில் முட்டிக்கொண்டு நின்றார். ஆதியாகமத்துக்கு ஒரு விளக்கம் எழுதி முடிக்க அவருக்கு ஏறக்குறைய 15 வருஷம் பிடித்தது. தேவன் எல்லாவற்றையும் ஒரே கணத்தில் படைத்தார், 'நாள்' என்பதை நம் வீட்டுக் கடிகாரத்தை வைத்து அளக்க முடியாது என்பதே அவர் முடிவு.

நான் உங்களைப் பார்க்கச் சொல்வது 16ஆம் வசனத்தை. அங்கே சூரியன், சந்திரன் என்ற பெயரே கிடையாது. 'பெரிய சுடர்', 'சிறிய சுடர்', அவ்வளவுதான். எபிரெயத்தில் சூரியனுக்கு ஷெமெஷ் என்று பெயர். பாபிலோனியர் கும்பிட்ட சூரிய தெய்வம் ஷமாஷ். அந்தப் பெயரை உச்சரிக்காமலே அதை மாட்டி வைத்த விளக்காக்கிவிட்டது இந்த அதிகாரம். வானத்தைப் பார்த்து ராஜாவின் விதியைக் கணித்தவர்கள் வாழ்ந்த காலத்தில், நட்சத்திரங்கள் அத்தனைக்கும் சேர்த்து எபிரெயத்தில் இரண்டே சொல்தான் ஒதுக்கப்பட்டிருக்கிறது. நாலாம் நாளைப் படித்த அன்றைய மனிதனுக்கு வெளிச்சக் கணக்கு ஞாபகத்துக்கு வந்திருக்காது. இனி சூரியனைக் கும்பிட வேண்டியதில்லை என்பதுதான் அவன் காதில் விழுந்திருக்கும்.

பழைய மொழிபெயர்ப்பில் 'ஆதியிலே தேவன் வானத்தையும் பூமியையும் சிருஷ்டித்தார்' என்று முற்றுப்புள்ளி. 1995இல் வந்த திருவிவிலியத்தில் 'படைத்தபொழுது' என்று வாக்கியம் ஓடுகிறது. எது சரி? (திருச்சி)

நல்ல கேள்வி, இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசித்திருக்கிறீர்கள். மூலத்தின் முதல் சொல்லையே இரண்டு விதமாகப் பிரிக்கலாம். 11ஆம் நூற்றாண்டு யூத ரபி ராஷி 'படைக்கத் தொடங்கியபோது' என்ற பக்கம் சாய்ந்தார். அவருக்கு வெகுகாலம் முன்பே கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் முற்றுப்புள்ளிப் பக்கம். யோவானும் தன் சுவிசேஷத்தை அந்த கிரேக்கச் சொற்களைக் கொண்டே ஆரம்பிக்கிறார். என் சாய்வும் அங்கேதான்.

'படைத்தபொழுது' என்று வாசித்தால் தேவனுக்கு முன்பே ஏதோ மூலப்பொருள் இருந்ததாகிவிடுமே என்று பயப்பட வேண்டாம். ஒன்றுமில்லாமையிலிருந்து படைத்தார் என்ற நம்பிக்கை இந்த ஒரு இலக்கணப் புள்ளியில் தொங்கவில்லை. யோவான் 1:3, ரோமர் 4:17, எபிரெயர் 11:3 மூன்றையும் வாசியுங்கள். முன்னும் பின்னும் சேர்த்து வாசியுங்கள்.

எல்லாவற்றையும் தேவன் படைத்தார் என்றால் தேவனைப் படைத்தது யார்? (வேலூர்)

படைக்கப்பட்ட ஒன்றைப் பற்றித்தான் 'யார் படைத்தது' என்று கேட்க முடியும். அவரையும் ஒருவர் படைத்திருந்தால், நாம் தேவன் என்று சொல்லவேண்டியது அந்த ஒருவரை.

முதல் வசனத்துக்கும் இரண்டாம் வசனத்துக்கும் நடுவில் லூசிபர் என்ற சாத்தான் விழுந்து, பழைய உலகம் அழிந்து, தேவன் பூமியை மறுபடியும் படைத்தார் என்று எங்கள் போதகர் பிரசங்கித்தார். வேதத்தில் எங்கே இருக்கிறது? (நாசரேத்)

எங்கேயும் இல்லை. இதோடு பதிலை முடித்திருக்கலாம். ஆனால் வேதபாடம் எடுத்த காலமெல்லாம் ஜூன் மாதம் வந்து சேர்ந்த புது மாணவர்களில் நாலில் ஒருவர் இதை மனப்பாடமாகக் கொண்டுவந்தார். ஒருவர் பரீட்சைத் தாளில் 'ஆதி. 1:1½' என்றே எழுதியிருந்தார். மதிப்பெண் போடாமல் விட எனக்கு மனசு வரவில்லை. இருக்கும் இடத்தையாவது துல்லியமாகச் சொன்னாரே!

இந்தக் கதை வந்த வழி தெரிந்தால் பாதி மயக்கம் தெளியும். பூமி மிகப் பழையது என்று பாறை ஆராய்ச்சியாளர்கள் பேசத் தொடங்கிய காலம். ஸ்காட்லாந்து போதகர் தாமஸ் சால்மர்ஸ் 1814இல் ஒரு சமாதானம் சொன்னார்: அந்த நீண்ட காலத்தையெல்லாம் இரண்டு வசனங்களுக்கு நடுவே வைத்துவிடலாம். நல்ல எண்ணம்தான். 1909இல் அமெரிக்கர் ஸ்கோஃபீல்டு தன் விளக்க வேதாகமத்தின் குறிப்பில் இதைச் சேர்த்தார். வசனமும் குறிப்பும் ஒரே பக்கத்தில், ஒரே மையில். படித்தவர்களுக்கு எது வசனம், எது ஸ்கோஃபீல்டு என்ற வித்தியாசம் மறந்துபோனது. ஆங்கில வேதாகமம் வைத்துப் பிரசங்கம் தயாரித்தவர்கள் வழியாக நம் மேடைக்கும் வந்துவிட்டது.

கூத்து என்னவென்றால், நம் தமிழ் வேதாகமத்தைத் திறந்தாலே இந்தக் கதையின் இரண்டு தூண்கள் விழுந்துவிடும். ஆதியாகமம் 1:28இல் 1611ஆம் வருஷத்து ஆங்கிலத்தில் 'ரிப்ளெனிஷ்' என்று இருக்கிறது. 'பார்த்தீர்களா, மறுபடியும் நிரப்பச் சொல்கிறார்' என்பார்கள். அந்தக் கால ஆங்கிலத்தில் அதற்கு 'நிரப்பு' என்றுதான் பொருள். தமிழில் 'பூமியை நிரப்பி' என்றே இருக்கிறது. 'மறுபடியும்' என்ற சொல் எங்கே? அடுத்து, லூசிபர் விழுந்ததற்கு அவர்கள் காட்டும் ஏசாயா 14:12. லூசிபர் என்பது விடிவெள்ளிக்கு லத்தீன் சொல். நம் தமிழில் 'விடிவெள்ளியே' என்றே அச்சாகியிருக்கிறது. எட்டு வசனம் மேலே போனால் அந்தப் பாட்டு யாரைப் பற்றியது என்றும் எழுதியிருக்கிறது: பாபிலோன் ராஜாவைப் பற்றி. அந்த ராஜாவுக்குப் பின்னால் சாத்தானின் நிழலைப் பார்த்த சபைப் பிதாக்கள் உண்டு, அது வேறு விஷயம். அதைத் தூக்கி ஆதியாகமத்துக்குள் சொருகினவர்கள் அவர்கள் அல்ல.

இரண்டாம் வசனத்தில் பூமி 'ஒழுங்கின்மையும் வெறுமையுமாய் இருந்தது' என்பதை 'ஆயிற்று' என்று திருத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. எபிரெய வாக்கிய அமைப்பு அங்கே பூமி இருந்த நிலையைச் சொல்கிறது. அடுத்து நடந்த சம்பவத்தைச் சொல்லவில்லை. போதகரிடம் மரியாதையாகக் கேளுங்கள், சண்டை போடாதீர்கள். அவருக்கும் யாரோ சொல்லிக் கொடுத்ததுதான்.

உலகம் கி.மு. 4004இல் படைக்கப்பட்டது என்று வேதாகமம் சொல்கிறதா? (பாளையங்கோட்டை)

மறுபடியும் ஓரக்குறிப்பு! அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர் 1650இல் போட்ட கணக்கு அது. சுமார் 50 வருஷம் கழித்து ஆங்கில வேதாகமங்களின் ஓரத்தில் ஏறிக்கொண்டது. மனிதர் உழைப்பாளி, கேலி செய்யாதீர்கள். ஆனால் சேத் பிறந்தபோது ஆதாமுக்கு எபிரெயப் பிரதியில் வயது 130, கிரேக்கப் பிரதியில் 230. இப்படியே கூட்டிப்போனால் இரண்டுக்கும் ஆயிரம் வருஷத்துக்கு மேல் வித்தியாசம். கிழக்குச் சபைகள் வைத்திருந்த கணக்கு கி.மு. 5509. எதற்காக உயிரைக் கொடுப்பீர்கள்?

கொலோசெயர் 1:15 இயேசுவை 'சர்வ சிருஷ்டிக்கும் முந்தின பேறுமானவர்' என்கிறது. அப்படியானால் அவரும் ஒரு சிருஷ்டிதானே என்று வீட்டுக்கு வந்தவர்கள் கேட்டார்கள். (யாழ்ப்பாணம்)

அடுத்த வசனத்தை அவர்களையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்: சகலமும் அவருக்குள் சிருஷ்டிக்கப்பட்டது. சகலத்தையும் படைத்தவர் அந்தச் சகலத்துக்குள் எப்படி ஒருவராவார்? 'முதற்பேறு' வேதத்தில் பிறந்த வரிசையாகவே இருக்கவேண்டியதில்லை. சங்கீதம் 89:27இல் தாவீதை முதற்பேறானவன் ஆக்குவேன் என்கிறார் தேவன். தாவீதோ ஈசாயின் பிள்ளைகளில் கடைக்குட்டி. உங்கள் வீட்டுக்கு வந்த கேள்வி அலெக்சந்திரியாவில் ஆரியு என்ற சபை மூப்பர் எழுப்பியது. 325இல் நிசேயாவில் கூடிய ஆயர்கள் 'ஜெநிப்பிக்கப்பட்டவர் (பிதாவிடமிருந்து பிறந்தவர்), உண்டாக்கப்பட்டவர் அல்ல' என்று பதில் எழுதிவைத்தார்கள்.

ஏசாயா 45:7. பதில் தேவை. (ஊர் இல்லை)

கேள்வி தேவை. 'தீங்கையும் உண்டாக்குகிறவர்' என்பது உறுத்தியிருக்கும் என்று நானே ஊகிக்கிறேன். அங்கே சமாதானத்துக்கு எதிர்ச்சொல்லாக வருவது பேரழிவு, பாவம் அல்ல. யுத்தமும் ஆட்சிமாற்றமும் தேவனுடைய கையை மீறி நடக்கவில்லை என்று பெர்சிய ராஜா கோரேசைப் பற்றிச் சொல்லப்பட்டது. முதல் வசனத்திலிருந்து வாசித்திருந்தால் தபால்தலை மிச்சமாகியிருக்கும்.

பெருவெடிப்பை ஒரு கிறிஸ்தவ மாணவி நம்பலாமா? (கோயம்புத்தூர்)

அந்தக் கருத்துக்கு அடித்தளம் போட்டவரே ஒரு கத்தோலிக்க குருவானவர். பெல்ஜியத்து ஜார்ஜ் லெமெய்த்ர், 1927லும் 1931லும். பிரபஞ்சத்துக்கு இன்று சொல்லும் வயது சுமார் 1,400 கோடி ஆண்டு. 1951இல் போப் 12ஆம் பயஸ் இதைச் சிருஷ்டிக்குச் சாட்சியாக எடுத்துப் பேசியபோது, சங்கடப்பட்டவர் லெமெய்த்ர்தான். முதல் கணத்தை விளக்குவது பௌதிகம். அந்தக் கணமும் இந்தக் கணமும் யாரால் நிற்கின்றன என்பது விசுவாசம். இரண்டையும் ஒட்டுப்போட்டால், நாளைக்குக் கணக்கு மாறும்போது விசுவாசமும் கிழியும் என்று பயந்தார். நன்றாகப் படியுங்கள் அம்மா. விசுவாசத்தைக் காட்ட பௌதிகத்தில் குறைந்த மதிப்பெண் வாங்கவேண்டியதில்லை.

கோயில் வளாகத்தில் உள்ள வேப்ப மரத்தை வெட்டி கார் நிறுத்த இடம் செய்ய கமிட்டி முடிவெடுத்துவிட்டது. 'ஆண்டுகொள்ளுங்கள்' என்ற வசனத்தைக் காட்டுகிறார்கள். (மதுரை)

அவர்கள் காட்டியது முதல் அதிகாரம். நீங்கள் இரண்டாம் அதிகாரம் 15ஆம் வசனத்தைக் காட்டுங்கள்: தோட்டத்தைப் 'பண்படுத்தவும் காக்கவும்'. அங்கே வரும் 'காக்க', ஆராதனை முடிவில் ஐயர் கையை உயர்த்தி 'உன்னைக் காக்கக்கடவர்' என்று சொல்கிறாரே, எண்ணாகமம் 6:24, அதே எபிரெயச் சொல். அப்புறம், கிளையைக் கழித்தாலே நாலு கார் நிற்குமா என்று மரம் வெட்டுகிறவரையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.