எண்ணெய்க் குப்பியும் எட்டு நாளும்

அன்புள்ள ஐயா,

யூதர்களின் ஹனுக்கா பண்டிகை பற்றிய உங்கள் குறிப்பில், ஒரு நாளுக்கான எண்ணெய் எட்டு நாள் எரிந்த அற்புதத்தைச் சொல்லியிருந்தீர்கள். எங்கள் கத்தோலிக்க விவிலியத்தில் மக்கபேயர் நூல்கள் இரண்டும் உண்டு. தேடிப் படித்தேன். எருசலேம் கோவிலைத் தூய்மைப்படுத்தியது இருக்கிறது, எண்ணெய் எங்குமே இல்லை. பின்னால் யாரோ சேர்த்த கதைதானா? அப்படியானால் எட்டு நாள் எதற்கு?

வாசகி, தூத்துக்குடி

அன்புள்ள சகோதரிக்கு,

சரியாகவே கண்டுபிடித்திருக்கிறீர்கள். எண்ணெய்க் கதை வருவது தல்மூதில், அதாவது யூத ரபிகளின் சட்ட விவாதங்களைத் தொகுத்த நூலில். அது தொகுக்கப்பட்டது இந்த நிகழ்ச்சிகளுக்கு 600 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து.

எட்டு நாளுக்கான காரணம் நீங்கள் படித்த நூலிலேயே இருக்கிறது. 2 மக்கபேயர் 10-ஆம் அதிகாரத்தை இன்னொரு முறை பாருங்கள். யூதர்களின் கூடார விழா வந்தபோது மக்கபேயரும் அவர்களோடு இருந்தவர்களும் மலைகளிலும் குகைகளிலும் விலங்குகளைப் போல அலைந்துகொண்டிருந்தார்கள். போரிட்டுக் கோவில் கைக்கு வந்ததும், அந்த விழாவின் முறைப்படியே எட்டு நாள் கொண்டாடினார்கள். கி.மு. 164, யூத நாட்காட்டியின் கிஸ்லேவ் மாதம் 25-ஆம் நாள். அதற்கு முன்புதான், அவர்களை ஆண்ட கிரேக்க மன்னன் அந்தியோக்கு ஓய்வுநாளையும் விருத்தசேதனத்தையும் தடைசெய்து, பலிபீடத்தின் மேலேயே வேற்றுத் தெய்வத்துக்குப் பீடம் எழுப்பியிருந்தான்.

அந்தத் தீட்டுப்பட்ட பலிபீடத்தை என்ன செய்தார்கள் தெரியுமா? இடித்தார்கள், ஆனால் கற்களைத் தூக்கி எறிய மனம் வரவில்லை. ஓர் இறைவாக்கினர் வந்து வழி சொல்லும்வரை இருக்கட்டும் என்று ஓரிடத்தில் எடுத்துவைத்தார்கள். 1 மக்கபேயரில் என்னை நிறுத்திவைக்கும் இடம் இதுதான்.

எண்ணெய்க் கதையைப் பொய் என்று ஒதுக்க என்னால் முடியாது. போர் வெற்றியின் நினைவாக இருந்த விழாவை வீட்டு விளக்குக்குக் கொண்டுவந்தது அந்தக் கதைதான். எப்படி ஏற்றுவது என்பதில்கூட வாதம் நடந்திருக்கிறது. முதல் நாள் எட்டு ஏற்றி ஒவ்வொன்றாகக் குறைக்கலாம் என்றது பழைய யூத அறிஞர் ஷம்மாயின் மரபு. ஒன்றில் தொடங்கிக் கூட்டிக்கொண்டே போகவேண்டும் என்றது இன்னோர் அறிஞர் ஹில்லெலின் மரபு. புனிதமானதில் ஏறத்தான் வேண்டும், இறங்கக்கூடாது என்பது அவர்கள் வாதம். இன்றுவரை நிற்பது அதுதான். இந்த வெளிச்சத்தில் படிக்கக்கூடாது, வேலை செய்யக்கூடாது. பார்ப்பதற்கு மட்டுமே. அதனால்தான் ஒன்பதாவதாக ‘ஷமாஷ்’ என்ற பணியாள் விளக்கு. மற்றவற்றை ஏற்றுவது அதைக்கொண்டுதான்.

எண்ணெயில் பொரித்த உருளைக்கிழங்கு லாட்கே, ஜாம் வைத்த சுஃப்கனியா, பிள்ளைகள் சுற்றும் நான்முகப் பம்பரம் எல்லாம் உண்டு. அவற்றை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

விளக்கை வெளியே தெரியும்படி வைக்கவேண்டும் என்கிறது தல்மூத். ஆபத்துக் காலத்தில் மேசைமேல் வைத்தால் போதும் என்றும் சொல்கிறது. 1931-இல் ஜெர்மனியின் கீல் நகரில், யூத மதகுருவான ரபி அகிவா போஸ்னரின் வீட்டுக்கு எதிரே நாஜிக் கொடி தொங்கியது. மேசையில் வைத்திருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். விளக்கு ஜன்னலில்தான் இருந்தது. மனைவி ராகேல் அதையும் கொடியையும் சேர்த்துப் படமெடுத்து, பின்பக்கத்தில் எழுதிவைத்தார்: ‘யூதா அழியட்டும்’ என்கிறது கொடி, ‘யூதா என்றும் வாழும்’ என்று பதில் சொல்கிறது விளக்கு.

1933-இல் அந்தக் குடும்பம் ஜெர்மனியை விட்டுக் கிளம்பியது. விளக்கும் கூடவே போனது.

அன்புடன்.